ஆறு கட்டத்தில் ஒரு படம்

கேள்வி: 1977-இல் வெளியான டி.ஆர்.எஸ்-80 கணினியின் பழைய விளையாட்டுகளை எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கிறேன். திரையில் தெரிவதை உரைக்கோப்பாகச் சேமித்தால் கட்டங்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடுகின்றன. படமாகப் பிடித்து வைப்பதுதான் ஒரே வழியா?

பதில்: இல்லை, உரையாகவே வைக்கலாம். வைக்கவும் வேண்டும். படத்தில் தோற்றம் மட்டுமே மிஞ்சும். நிரல் அச்சிட்ட குறியெண்கள் தொலைந்துபோகும். அந்த எண்களில்தான் அன்றைய நிரலாளரின் கைவேலை இருக்கிறது.

அந்தத் திரையில் வரிக்கு 64 எழுத்தாக 16 வரிகள். ஓர் எழுத்துக்கான இடத்தைக் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என ஆறு கட்டங்களாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டம் ஒளிரும், எது இருண்டிருக்கும் என்பதில் 64 சேர்க்கைகள். அவற்றுக்கு 128 முதல் 191 வரை குறியெண்கள். முழுத்திரைக்கும் 128-க்கு 48 புள்ளிகள்தான். அதற்குள் விண்கலங்களையே பறக்கவிட்டவர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை.

பிரிட்டனின் டெலிடெக்ஸ்ட் என்ற தொலைக்காட்சி எழுத்துச் சேவையும் இதே ஆறு கட்ட முறையைக் கையாண்டது. ஆனாலும் 2020 மார்ச்சில் வந்த 13-ஆம் பதிப்பில்தான் யூனிகோடு இந்தக் கட்ட எழுத்துகளுக்கு இடம் கொடுத்தது. சேர்ந்தவை 64 அல்ல, 60. வெற்றிடம், முழுக்கட்டம், இடப்பாதி, வலப்பாதி ஆகிய நான்கும் யூனிகோடில் முன்பே இருந்தன. மாற்றி எழுதும்போது தடுக்கிவிழும் இடம் இதுதான். 64-உம் வரிசையாக இருப்பதாக நினைத்து நிரல் எழுதினால் முதல் 20 சரியாக வரும், பிறகு படம் சிதையும்.

கணக்கு இது: குறியெண்ணில் 128-ஐக் கழியுங்கள். விடை 0 என்றால் வெற்றிடம் (யூனிகோடு எண் 32), 21 என்றால் இடப்பாதி (9612), 42 என்றால் வலப்பாதி (9616), 63 என்றால் முழுக்கட்டம் (9608). மற்றவற்றுக்கு விடையோடு 129791-ஐக் கூட்டுங்கள். விடை 21-ஐத் தாண்டினால் ஒன்றும், 42-ஐத் தாண்டினால் இரண்டும் குறையுங்கள். 150-ஐ எடுத்துக்கொண்டால் விடை 22. யூனிகோடு எண் 129812. வெற்றிடத்தைத் தவிர மற்றவற்றைத் திரும்பக் கணக்கிட்டால் பழைய எண் அப்படியே கிடைக்கும்.

கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். புதிதாகச் சேர்ந்த 60 எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட் ஆகும். மூன்று பைட்டோடு நின்றுவிடும் பழைய தரவுத்தளங்களில் போடாதீர்கள். எழுத்துருவுக்கு குனு யூனிஃபாண்ட் போதும். வரி இடைவெளியை மட்டும் முற்றிலும் நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடும்.