மரத்தின் பட்டையும் அதன் உயிரும்

நன்றாய்க் காய்த்துவந்த மாமரமொன்று, பூச்சியோ நோயோ கண்ணுக்குப் புலப்படாமலிருக்க, சில மாதங்களில் பட்டுப்போவதுண்டு. கண்ணேறு என்றும் நிலத்தின் குற்றமென்றும் கூறி மரத்தை விறகாக்கி விடுவர். அடிமரத்தைக் குனிந்து பார்த்தால் உண்மைக் காரணம் அங்கேயே இருத்தல் கூடும். கன்றுக்குட்டியைக் கட்டிய கயிறு தேய்த்தோ, ஆடு கடித்தோ, வேலிக்கம்பி இறுகியோ, மரத்தைச் சுற்றிலும் பட்டை அற்றுப்போயிருக்கும். விரலளவு அகலமுள்ள பட்டை நீங்கினால் அத்துணைப் பெரிய மரம் ஏன் மடிய வேண்டும்? இதனை அறிய மரத்தின் உடலமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

திசுக்களும் அவற்றின் தொழிலும்

1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையின் மெல்லிய சீவலொன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அது தேன்கூட்டைப்போன்ற சிற்றறைகளாலாயிருத்தலைக் கண்டார். செடிகளின் உடலும் பிராணிகளின் உடலும் இத்தகைய உயிரணுக்களாலானவையே. ஒரு தொழிலை நடத்தும் பொருட்டுக் கூடியமைந்த உயிரணுத் தொகுதிக்குத் திசு என்று பெயர்.

மாமரத்தின் அடிமரத்தில் வெளியிலிருந்து உள்நோக்கி நான்கு பகுதிகளைக் காணலாம். முதலாவது, கரடுமுரடான வெளிப்பட்டை. இதன் தக்கைத் திசு உயிரற்றது. எனினும் உள்ளீரம் உலராமலும் பூச்சியும் பூஞ்சணமும் புகாமலும் காப்பது இதுவே. இரண்டாவது, ஈரமுள்ள உட்பட்டை. இலைகளில் சமைக்கப்பட்ட சர்க்கரைச் சத்து வேருக்கும் காய்க்கும் செல்வது இதன் வழியாகவே. இத்திசு புளோயம் எனப்படும். மூன்றாவது, கேம்பியம் என்னும் வளர்திசு. இது மிக மெல்லிய படலமாயினும், ஓயாது பிரிந்து பெருகி வெளிப்புறம் பட்டையையும் உட்புறம் கட்டையையும் உண்டாக்குகின்றது. மரம் பருப்பது இதனாலேதான். நான்காவது, சைலம் எனப்படும் கட்டை. இதன் வெளிறு வேரிலிருந்து நீரையும் உப்புக்களையும் மேலே கொண்டுசெல்லும். நடுவிலுள்ள வைரம் நீர் கடத்துவதில்லை. மரத்திற்கு வலிமை தருவதே அதன் வேலை.

பட்டை அற்ற மரத்தின் கதி

இத்தாலி தேசத்து மார்செல்லோ மால்பிகி என்னும் அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே, மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை நீக்கிச் சோதனை செய்தார். வளையத்திற்கு மேலுள்ள பட்டை நாளடைவில் வீங்கிப் பருத்தது. இலைகளிலிருந்து இறங்கிய சத்து வழியின்றி அங்கே தேங்கிற்று என்பது இதனால் விளங்கும்.

பட்டை அற்ற மரம் உடனே வாடுவதில்லை. கட்டை பழுதின்றியிருத்தலால் நீர் மேலே ஏறிக்கொண்டிருக்கும். இலையும் பசுமையாகவே தோன்றும். குடியானவர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். வேரோ தன்னிடம் சேமித்திருந்த மாவுச்சத்தை உண்டு நாட்கழிக்கிறது. அஃது ஒழிந்ததும் வேர் பட்டினியால் மடியும். வேர் மடிந்தபின் நீர் ஏது? அப்பொழுதுதான் இலை வாடும். வாட்டம் கண்ணிற்படுகையில் சிகிச்சைக்குரிய காலம் கடந்து போயிருக்கும்.

இதே நியமம் கிளையில் நன்மையாகவும் பயன்படுகின்றது. எலுமிச்சை, மாதுளை முதலியவற்றின் கிளையில் வளையமாகப் பட்டையை நீக்கி, ஈரப்பாசி வைத்துக் கட்டினால், தேங்கிய சத்தின் உதவியால் வளையத்திற்கு மேல் வேர் விடும். விண்பதியன் என்பது இதுவே.

காயம் ஆறும் வகை

நுகத்தடியால் எருதின் கழுத்துத் தோல் உரிந்தால், இரத்தம் அவ்விடத்திற்கு வேண்டியவற்றைக் கொணர்கிறது. ஓரத்துத் தோல் திசு பெருகிப் புண்ணை மூடுகிறது. மரத்திலும் காயத்தின் ஓரத்துக் கேம்பியம் பெருகித் திரண்டு வந்து மூடுவதைக் காணலாம். ஆயினும் மரம் அழுகிய கட்டையைப் புதுப்பிக்கமாட்டாது; அதனை உள்ளே வைத்து மூடிவிடும். ஆதலின் காயம் மூடுமுன் அழுகல் புகாதபடி காத்தல் மிக முக்கியம்.

ஒட்டுக்கட்டுதலும் கேம்பியத்தின் செயலே. வேர்ச்செடியின் கேம்பியமும் தாய்மரக் கிளையின் கேம்பியமும் நெருங்கிப் பொருந்தினாலன்றி ஒட்டுப் பிடிக்காது. கத்தி மழுங்கியிருந்தாலும், கட்டுத் தளர்ந்தாலும், வெட்டுவாய் உலர்ந்தாலும் உழைப்பு வீணாகும்.

தென்னையின் தனித்தன்மை

தென்னையில் கேம்பியம் இல்லை. அதன் நீர்க்குழாய்களும் சத்துக்குழாய்களும் சிறு கற்றைகளாய்த் தண்டு முழுதும் பரவி நிற்கின்றன. ஆதலின் மேற்புறம் சுற்றிலும் சீவப்பட்டாலும் தென்னை மாவைப்போல் மடிவதில்லை. ஆனால் அதன் காயம் ஒருபொழுதும் மூடுவதுமில்லை. ஏறுவதற்காக வெட்டிய படி, மரம் உள்ளளவும் படியாகவே இருக்கும். அத்தகைய காயங்களில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுகின்றது. புழுக்கள் உள்ளே குடைந்து மரத்தையே வீழ்த்திவிடும். மேலும் தென்னைக்கு உச்சியிலுள்ள குருத்து ஒன்றே வளர்நிலை. அது மாண்டால் மரமும் மாண்டதேயாம்.

குடியானவர் செய்யத்தக்கவை

1. பழமரங்களில் கால்நடைகளைக் கட்டலாகாது; கம்பியை மரத்தைச் சுற்றி முறுக்கலாகாது. இளங்கன்றுகளுக்கு முட்கூடு அமைத்தல் வேண்டும்.

2. பட்டையில் காயம் கண்டால், கிழிந்த ஓரத்தைக் கூரிய கத்தியால் செம்மையாக்கிப் போர்டோ பசை பூசுக. மயில்துத்தம் 1 கிலோவையும் சுண்ணாம்பு 1 கிலோவையும் தனித்தனியே 5 லிட்டர் நீரில் கரைத்து, பின்னர் ஒன்றாய்க் கலக்க இப்பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே உகந்தது. இரும்புப் பாத்திரம் ஆகாது.

3. தென்னையில் படி வெட்டுதலும் ஆணி அடித்தலும் கூடா. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுக.

4. உழும்போதும் களையெடுக்கும்போதும் அடிமரத்தில் கருவி படாதவாறு காத்துக்கொள்க.

மாமரமொன்றை வளர்த்துப் பயன்பெறப் பல ஆண்டுகள் செல்லும். அதன் உயிரோ விரலளவு கனமுமில்லாத உட்பட்டையில் அடங்கியிருக்கின்றது. மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் சுற்றிப்பார்க்கும் வழக்கம் செலவற்றது. பல மரங்களைக் காக்கவல்லது.