பதில் சொல்லாத ஆன்லைன் கடை: பணத்தைத் திரும்ப வாங்க எந்த வழி?

திண்டுக்கல்லில் ஒரு பூட்டு வாங்குகிறோம். நாலாம் நாள் சாவி திரும்பவில்லை என்றால் வாங்கிய கடைக்கே கொண்டுபோகலாம். கடைக்காரர் கையில் வாங்கி உதறிப் பார்ப்பார், ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், அப்படியும் சரிவராவிட்டால் வேறொன்று எடுத்துத் தருவார். தர மறுத்தால் நாலு பேர் முன்னால் கேட்கலாம். ஆன்லைனில் வாங்கிய மிக்சி மூன்றாம் நாள் புகைந்தால் கேட்பதற்கு எதிரே ஆள் கிடையாது. ஒரு புகார் எண் வரும், "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்று மெசேஜ் வரும். அதோடு சரி.

இந்த நிலையில் திண்டுக்கல் நாகல் நகரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. "போனது போகட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள்; இல்லையென்றால் கோபத்தில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், "இது எங்கள் வேலை இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. வழிகள் பல இருக்கின்றன. ஆனால் எல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது, சிலவற்றுக்குக் கெடு உண்டு. எந்த வழி கடுமையானது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்த வழியின் கெடு சீக்கிரம் முடிகிறதோ அதில் முதலில் இறங்குங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

பணம் எப்படிப் போனது, யாரிடம் போனது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பார்சல் மேல் ஒட்டிய தாளைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். அனுப்பியவர் முகவரி அதில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் பில்லில் 15 எழுத்துகள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 என்றால் தமிழ்நாடு, 24 குஜராத், 07 டெல்லி, 29 கர்நாடகா. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் வியாபாரப் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும். பெட்டி மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் அச்சாகியிருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. ஆப்பில் ஒளிந்துகொள்ளும் கடைக்கு இப்படித்தான் முகவரி கண்டுபிடிக்கிறோம். பின்னால் எந்த வழியில் போனாலும் இந்த முகவரி வேண்டும்.

பில்லும் இல்லை, முகவரியும் இல்லை, இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்குப் பணம் அனுப்பினீர்கள், அனுப்பியதும் உங்களை பிளாக் செய்துவிட்டார்கள் என்றால் அதற்குப் பெயர் பழுதான பொருள் அல்ல, மோசடி. அப்போது மற்ற எதையும் யோசிக்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு. இங்கே ஒரு நாள் தாமதம்கூட அதிகம். ஆனால் பெயரும் முகவரியும் உள்ள கடை, பழுதான பொருளை அனுப்பிவிட்டு வாய் திறக்காமல் இருந்தால் 1930 உதவாது.

கடையிடமே கேட்பது

பதில் சொல்லாத கடையிடம் மறுபடி என்ன கேட்பது என்று தோன்றும். கேட்டே ஆக வேண்டும். ஆனால் சாட் பெட்டியில் அல்ல. 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில், சின்ன எழுத்தில், அந்த மின்னஞ்சல் முகவரி இருக்கும். அதற்கு எழுதுங்கள். எழுதுவது நீளமாக இருக்க வேண்டியதில்லை. "இந்தத் தேதியில், இந்த ஆர்டர் எண்ணில் வாங்கிய மிக்சி, இந்தத் தேதியில் புகைந்து நின்றுவிட்டது. படமும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு 4,200 ரூபாயை 15 நாளுக்குள் என் கணக்கில் செலுத்துங்கள்" என்றால் போதும்.

"ரிட்டர்ன் காலம் ஏழு நாள், அது முடிந்துவிட்டது" என்று பதில் வந்தால் அடங்கிவிடாதீர்கள். ஏழு நாள் என்பது கடை தனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது என்பது அதே 2020 விதிகளில் இருக்கிறது. "நாங்கள் வெறும் தளம்தான், விற்றவர் வேறு" என்று பெரிய நிறுவனம் கைகழுவினால், விற்றவரின் முழு முகவரியையும் எழுத்தில் கேளுங்கள். பொருள் வாங்கியவர் எழுதிக் கேட்டால் தளம் அதைக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. 4,000 ரூபாயைத் திரும்பக் கேட்கப் போய் 40,000-ஐ இழப்பது இப்படித்தான்.

வங்கி வழி: கெடு குறைவு, பலன் வேகம்

கார்டில் பணம் கட்டியவர்கள் பலருக்குத் தங்கள் கையில் இருக்கும் ஆயுதம் தெரிவதில்லை. அதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். பொருள் வரவில்லை, பழுதாக வந்தது, சொன்னது ஒன்று வந்தது ஒன்று, ரீஃபண்ட் தருகிறேன் என்று சொல்லித் தரவில்லை என்ற காரணங்களுக்காக உங்கள் வங்கி, கடையின் வங்கியிடம் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கும். கடை தன் தரப்பை ஆதாரத்தோடு சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லாத கடைகூட வங்கி கேட்டால் விழித்துக்கொள்ளும், ஏனென்றால் இங்கே அதன் பணம் நிற்கிறது.

விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். வங்கி தன் வேலைக்குக் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ளும் என்பதால் நூறாவது நாளில் போய் நிற்காதீர்கள். கடைக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதினைந்து நாள் கழிந்ததும் வங்கிக்குப் போய்விடலாம். பழுதான பொருள் என்றால் அதைத் திருப்பி அனுப்ப நீங்கள் முயன்றதற்குச் சான்று கேட்பார்கள். குறைதீர் அலுவலருக்கு எழுதிய கடிதம் இங்கே கைகொடுக்கும். கடை வெளிநாட்டில் இருந்தால் இந்த ஒரு வழிதான் நடைமுறையில் உங்களுக்கு உண்டு.

யுபிஐயில் கட்டியிருந்தால்? கடையின் வணிகக் கணக்குக்குப் போன பணம் என்றால், ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியலாம், வங்கியிடமும் தகராறு எழுப்பச் சொல்லலாம். கார்டு அளவுக்கு இது பழகிய பாதை அல்ல. கிளையில் இருப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். தனி ஆளின் கணக்குக்கு அனுப்பியிருந்தால் இந்தப் பாதை அநேகமாக மூடியிருக்கிறது. கேஷ் ஆன் டெலிவரி என்றால் வங்கிக்கு இதில் வேலையே இல்லை. பொருள் வீட்டுக்கு வந்த பிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பு என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தால்தான் அது உண்மை. மூடிய பெட்டிக்குக் கொடுத்தால் சார்ஜ்பேக் என்ற வழியையும் சேர்த்து இழக்கிறோம்.

தவணையில் வாங்கியவர்கள், கடை மேலுள்ள கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். கடன் கொடுத்தவர் வேறு, விற்றவர் வேறு. உங்கள் கடன் மதிப்பெண்தான் கெடும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, சரியான காரணம் இல்லாமல் தட்டிக்கழித்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்; விவரம் கேட்க 14448. ஆனால் அவர் வங்கியின் குறையைத்தான் விசாரிப்பார், மிக்சியின் குறையை அல்ல.

1915: சின்னத் தொகைக்கு நல்ல வழி

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உங்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பல பெரிய நிறுவனங்கள் இந்த அமைப்போடு ஏற்கெனவே இணைந்திருப்பதால், நீங்கள் பத்து முறை கேட்டும் வராத பதில் இவர்கள் கேட்டதும் வருவதுண்டு. பெயர் தெரியாத சின்னக் கடையிடம் இதன் செல்வாக்கு குறைவு, ஏனென்றால் 1915-க்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. என் கருத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே உள்ள பொருளுக்கு குறைதீர் அலுவலர், 1915 இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் அலைவது உங்கள் கூலியைத் தின்றுவிடும். அதற்காக இதையும் செய்யாமல் விடாதீர்கள். ஒரே பொருளைப் பற்றி பலர் புகார் செய்தால் அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கண்ணில் படும். 2022 ஆகஸ்டில் அந்த ஆணையம், தரச் சான்று விதிக்குப் பொருந்தாத பிரஷர் குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக அமேசானுக்கும் பிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் அபராதம் போட்டது. அமேசானில் விற்ற 2,265 குக்கர்களையும், பிளிப்கார்ட்டில் விற்ற 598 குக்கர்களையும் திரும்பப் பெற்று வாங்கியவர்களுக்குப் பணம் கொடுக்கவும் உத்தரவிட்டது. அபராதத் தொகை அந்த நிறுவனங்களுக்குப் பெரிதல்ல. "தளம் மட்டும்தான் நாங்கள்" என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் அது சரியான இடம். தனியார் கடை பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிடும் இடம் அதுவல்ல.

கன்ஸ்யூமர் கோர்ட்

உத்தரவு போடும் அதிகாரம் உள்ள இடம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை பெங்களூரில் இருக்கிறது, சூரத்தில் இருக்கிறது, அங்கே போய் எப்படி வழக்கு நடத்துவது என்று இன்னும் பலர் தயங்குகிறார்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம். அலைய வேண்டியது கடைதான். நாகல் நகரில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் செய்த மிகப் பெரிய நன்மை இதுவென்று நான் நினைக்கிறேன்.

ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். 15100-க்கு அழைத்துக் கேட்கலாம். வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதனால்தான் இதை வங்கிக்குப் பிறகு வைக்கிறேன்.

போடும்போது விற்றவரை முதல் எதிர்மனுதாரராகவும் தளத்தை இரண்டாவது எதிர்மனுதாரராகவும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் பழியைப் போட்டுத் தப்புவார். முன்னதாக ஒரு நோட்டீசை ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புதல் அட்டையோடு அனுப்பி வையுங்கள். "முகவரியில் ஆள் இல்லை" என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

தையல் மிஷின் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாகல் நகரில் வீட்டில் மிஷின் போட்டுப் பிழைக்கும் ஒரு பெண் 18,000 ரூபாய்க்கு ஆன்லைனில் மிஷின் வாங்கி, அது பழுதானால், "நீங்கள் தொழிலுக்கு வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் இல்லை" என்று கடை வாதாடும். சொந்த உழைப்பில் வயிற்றுப்பாட்டுக்காக வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. மனுவிலேயே "என் சுயதொழிலுக்கு, நானே பயன்படுத்த வாங்கினேன்" என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட் வழியின் குறை, ஆகும் காலம். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா நீளும். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கூடுதலாக 15 நாள், அவ்வளவுதான். வரவே இல்லை என்றால் அவர்கள் இல்லாமலே தீர்ப்பாகும். பதில் சொல்லாத கடைகள் இங்கேயும் பெரும்பாலும் அதே பழக்கத்தைத்தான் காட்டும். உங்களிடம் ஆர்டர் எண், பில், பணம் போன சான்று, படம், குறைதீர் அலுவலருக்கு எழுதிய கடிதம் இருந்தால் அந்த மௌனம் உங்களுக்குச் சாதகம்.

தீர்ப்புக்குப் பிறகும் பணம் வராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று 2019 சட்டத்தின் 72-வது பிரிவு சொல்கிறது. கடை மேல்முறையீட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். அதற்கு 45 நாள் அவகாசம். மாநில ஆணையத்தின் அமர்வு மதுரையில் இருப்பதால், அந்தக் கட்டத்திலும் நீங்கள் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியிருக்காது.