கேள்விக்குறி மேல் பழி போடாதீர்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், ஸ்பிரிங், காஸ்கெட், ரப்பர் பாகம் என்று ஏதாவது ஒன்றைச் செய்யும் சின்ன யூனிட்டுகள் பலவற்றுக்கு இன்று வெப்சைட் இருக்கிறது. முதலில் நாலு பக்கம் போட்டிருப்பார்கள். சரக்கு வகை நூறைத் தாண்டியதும் எல்லாம் டேட்டாபேஸுக்குள் போய்விடும். யாராவது கேட்கும்போது பக்கம் அங்கிருந்து தயாராகி வரும், பெரும்பாலும் கேள்விக்குறி உள்ள முகவரியில். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் கூகுளில் வருகிறது. சரக்கின் பெயரைப் போட்டால் வருவதில்லை. ஏன் என்று கேட்டால் எஸ்இஓ (தேடலில் முன்னே கொண்டுவரும் வேலை) செய்பவர்கள் சிலர் சொல்லும் காரணங்களில் பாதி காலாவதியானவை, மீதி என்றைக்குமே உண்மையாக இருந்ததில்லை.

நம்பிக்கை: பக்கத்தின் இணைய முகவரியில் (யூஆர்எல்) கேள்விக்குறி இருந்தால் கூகுள் படிக்காது.

ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. முகவரியில் 'ஐடி' என்ற பெயரில் எதையும் வைக்காதீர்கள் என்று கூகுளின் வழிகாட்டுதலிலேயே எழுதியிருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். கேள்விக்குறி உள்ள முகவரிகளைத் தங்களால் படிக்க முடியும், அவற்றை நிலையான பக்கம் போல வேஷம் கட்ட வேண்டியதில்லை என்று 2008 செப்டம்பரில் கூகுளே விளக்கம் வெளியிட்டது. இன்றும் 'யூஆர்எல் மாற்றித் தருகிறோம்' என்று தனி பில் வருகிறது. சின்ன, படித்தால் புரியும் முகவரி வாடிக்கையாளருக்கு நல்லதுதான். ஆனால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பம் போடாமல் மாற்றினால், இதுவரை கிடைத்த இடமும் போகும்.

முகவரியைத் தமிழில் வைத்தால் ஆகாது என்பதும் இதே வகை. 'அம்பத்தூர்' என்ற சொல் கணினிக்கு 10 குறியீடுகள். முகவரியாக நகலெடுத்து ஒட்டும்போது அது 90 எழுத்து நீளத்துக்குச் சதவீதக் குறிகளாக நீளும். பார்க்க அசிங்கம், அவ்வளவே. கூகுள் அதைச் சரியாகப் படித்துக்கொள்ளும்.

நம்பிக்கை: சைட்மேப் கொடுத்துவிட்டால் எல்லாப் பக்கமும் கூகுளில் ஏறிவிடும்.

சைட்மேப் என்பது முகவரிப் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 வரை கொடுக்கலாம். கொடுத்த எல்லாவற்றையும் ஏற்றுவேன் என்று கூகுள் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதில் 'முன்னுரிமை' என்று போடும் எண்ணை அது பார்ப்பதே கிடையாது.

இந்தப் பகுதி யூனிட்டுகளின் நிஜமான கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். முகப்பில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். பொருளின் பெயரைத் தட்டினால்தான் பக்கம் வரும். பர்சேஸ் ஆள் தட்டுவார். கூகுளின் ரோபோ தட்டும் என்று நம்பி உட்கார முடியாது. அது இணைப்பைப் பிடித்துக்கொண்டு போகிற ஜாதி. முகப்பிலிருந்து வகைக்கு, வகையிலிருந்து பொருளுக்கு, சாதாரண லிங்க் இருக்க வேண்டும். அது இல்லாத பொருள் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும், உலகத்துக்குத் தெரியாது.

நம்பிக்கை: பக்கம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

ஒரு கணக்கு போடுவோம். போல்ட்டில் 10 விட்டம், 12 நீளம், 4 உலோகம், 3 பூச்சு. வடிகட்டிப் பார்க்க வசதி வைத்தால் 1,440 பக்கம். விலைப்படி, பெயர்ப்படி, புதியது முதலில் என்று 3 வரிசை சேர்த்தால் 4,320. நாலு வடிகட்டிகளும் முகவரியில் எந்த வரிசையிலும் வரலாம் என்று மென்பொருள் விட்டுவைத்திருந்தால், ஒரே பட்டியலுக்கே 24 முகவரி. ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டோம். உண்மையில் ஸ்டாக்கில் இருப்பது முந்நூறு உருப்படி. மற்றவற்றில் பெரும்பாலானவை 'பொருள் எதுவும் இல்லை' என்று சொல்லும் வெற்றுப் பக்கங்கள்.

ரோபோ இந்தக் காட்டுக்குள் நுழைந்தால் உருப்படியான முந்நூறுக்கு வந்து சேர நாளாகும். இதற்கு மருந்து உண்டு. ஒரே சரக்கின் பல முகவரிகளில் அசல் எது என்று சொல்லும் கேனானிகல் குறி 2009 பிப்ரவரியில் வந்தது. கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தன. வெற்றுப் பக்கத்துக்கு 'பக்கம் இல்லை' என்ற 404 பதில் அனுப்பலாம். யாரும் தேடாத வடிகட்டிச் சேர்க்கைகளை ரோபோ எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ரோபாட்ஸில் தடுத்த பக்கத்துக்குள் 'நோஇண்டெக்ஸ்' (ஏற்றாதே) என்று எழுதி வைத்துப் பயனில்லை. உள்ளே போனால்தானே ரோபோவால் அதைப் படிக்க முடியும்? தள உரிமையாளருக்கு கூகுள் தரும் செர்ச் கன்சோலின் 'யூஆர்எல் பாராமீட்டர்' கருவியில் இதையெல்லாம் அமைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கருவியை கூகுள் 2022 ஏப்ரலிலேயே எடுத்துவிட்டது என்று சொல்லி அனுப்புங்கள்.

நம்பிக்கை: ஊருக்கு ஒரு பக்கம் போட்டால் எல்லா ஊரிலும் முதலில் வரலாம்.

இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். 'அம்பத்தூரில் சிறந்த சிஎன்சி ஜாப் வொர்க்'. அடுத்த பக்கம் ஆவடியில். அடுத்தது பூந்தமல்லியில், பட்டரவாக்கத்தில், திருமுல்லைவாயலில், திருவேற்காட்டில். பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்று எழுதி இன்னொன்று. டேட்டாபேஸில் ஊர்ப் பெயருக்கு ஒரு கட்டம், மற்ற எழுத்தெல்லாம் அதே. ஒரே பட்டறைக்குப் பத்துத் தெருவில் பத்து போர்டு மாட்டுவது போன்ற வேலை இது. இதற்கு கூகுள் வைத்த பெயர் வாசல் பக்கம்; ஸ்பேம் கொள்கையில் நேரடியாக இடம் பெற்றது. 2015 மார்ச்சில் இதன் மேல் பிடியை இறுக்கப்போவதாக அறிவித்தார்கள். 2024 மார்ச்சில், மொத்த மொத்தமாக உற்பத்தி செய்யும் பயனற்ற பக்கங்களுக்கென்று தனி விதியே வந்தது. எழுதியது மனிதனா ஏஐயா என்பது அங்கே கேள்வியில்லை. பூந்தமல்லியில் நிஜமாகவே கிளை இருந்தால் தாராளமாகப் பக்கம் போடுங்கள்: முகவரி, அங்கே இருக்கும் மெஷின்கள், வேலை நேரம்.

(இடையில் ஒரு வார்த்தை. ஆவடியின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை நம்பி எஸ்இஓவுக்குச் செலவழிக்கிறவர்கள் உண்டு. அரசுக் கொள்முதல் டெண்டரிலும் ஜெம் தளத்திலும் நடக்கிறது. கூகுளின் முதல் பக்கம் அங்கே செல்லாது.)

மீதியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பக்கத்தில் மறைவாக எழுதும் மெட்டா கீவேர்டைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுள் அறிவித்தது. ஒரே தளத்துக்குள் ஒரே எழுத்து இரண்டு பக்கத்தில் இருந்தால் தண்டனை என்பதும் கட்டுக்கதை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், அவ்வளவுதான்.

தேடுகிறவர் 'துருப்பிடிக்காத எஃகு 316, எம்10, 60 மில்லிமீட்டர் ஹெக்ஸ் போல்ட்' என்று தட்டுகிறார். உங்கள் பக்கத்தில் 'உயர்தர போல்ட்' என்று மட்டும் இருந்தால் எந்த எஸ்இஓவும் காப்பாற்றாது. உலோகத் தரம், மரை இடைவெளி, ஐஎஸ் எண், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எத்தனை நாளில் டெலிவரி என்பதெல்லாம் ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தாக டேட்டாபேஸில் ஏற வேண்டும். அந்த விவரம் ஷாப் ஃப்ளோரில் இருக்கிறது, வெளி ஆளிடம் இல்லை.

அடுத்த பில்லில் கையெழுத்துப் போடுமுன் செர்ச் கன்சோலைத் திறந்து, எத்தனை பக்கம் ஏறியிருக்கிறது, உங்களிடம் எத்தனை சரக்கு இருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் காரணத்தை அதிலுள்ள அறிக்கையே எழுதி வைத்திருக்கும். அதற்குக் காசு கிடையாது.