உழவும் பண்பாடும்: ஒரு வினைச்சொல்லின் விளைச்சல்

'அக்ரிகல்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கு வரும் டெல்டா மாணவருக்கும் அது வெறும் மனப்பாடச் சொல்தான். அதன் வேரைக் காட்டிவிட்டால் ஒரு சொல்லோடு ஒரு சொற்குடும்பமே மனத்தில் பதியும்.

லத்தீன் நம் பகுதிக்குப் புதியதன்று. வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அன்று தமிழ் வினைகளை லத்தீன் விளக்கியது. இன்று ஒரு லத்தீன் வினையைத் தமிழால் விளக்குவோம்.

வினையும் வடிவமும்

அந்த வினை 'கொலெரே'. 'உழுது பயிர்செய்தல்' என்பது அதன் அடிப்படைப் பொருள். 'நடு' என்ற வினை 'நட்டார்' என்று மாறுவதுபோல, இதுவும் 'கொல்', 'குல்த்' என இரு வடிவம் கொள்ளும். முதல் வடிவத்திலிருந்து 'காலனி' வந்தது. இரண்டாம் வடிவத்திலிருந்து 'கல்ச்சர்', 'கல்டிவேட்' ஆகியவை வந்தன. வயலைக் குறிக்கும் 'அகெர்' முன்னே சேர்ந்து 'அக்ரிகல்ச்சர்' ஆயிற்று. இம்மூன்றிலும் சி, யு, எல், டி என்ற நான்கு எழுத்துகள் மாறாமல் நிற்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

மூன்று பொருள்கள்

'கொலெரே' உழுதலோடு குடியிருத்தலையும் வழிபடுதலையும் குறிக்கும். மூன்றும் எப்படி ஒன்றாகும் என்று மாணவர் கேட்டால் நம் ஊரையே காட்டலாம். 'குடி' என்றால் வசிப்பிடம். 'குடியானவர்' என்றால் உழவர். சித்திரையில் நல்லேர் பூட்டும்போது வழிபாட்டுக்குப் பிறகே உழவு தொடங்குகிறது.

மண்ணிலிருந்து மனத்துக்கு இச்சொல்லைக் கொண்டுசென்றவர்களுள் ரோமானிய அறிஞர் சிசரோ முதன்மையானவர். வளமான வயலும் உழாவிட்டால் விளையாது. மனமும் அப்படியே என்பது அவர் கருத்து. தமிழிலும் மண்ணைப் பண்படுத்துகிறோம், பண்பட்ட மனம் என்கிறோம், 'பண்பாடு' என்கிறோம்.

கவனமாகச் சொல்ல வேண்டிய சொல்

குடிமக்களுக்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் நிலம் பகிர்ந்தளித்து ரோமானியர் அமைத்த ஊர் 'கொலோனியா'. அதன் வழிவந்த 'காலனி' நம் கிராமங்களில் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைக் குறித்தது, வசையாகவும் மாறியது. எனவே அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

டெல்டாவில் சேற்றில் இறங்கி நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்தவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களே. 'கல்ச்சர்', 'காலனி' இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. ஒன்றுக்கு மதிப்பையும் மற்றொன்றுக்கு இழிவையும் ஏற்றியவர்கள் மனிதர்கள். உயர்நிலை வகுப்பில் இதைத் தயங்காமல் பேசலாம். ஆனால் எந்த மாணவரிடமும் அவர் எந்தத் தெருவில் வசிக்கிறார் என்று கேட்கக் கூடாது. யாரையும் எடுத்துக்காட்டாகவும் நிறுத்தக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

1. நாற்றங்கால் விடுதல், அண்டை வெட்டுதல், பரம்படித்தல் என மாணவர் அறிந்த வயல் வேலைகளைக் கரும்பலகையில் எழுதச் செய்க. தொடக்க வகுப்புகளுக்கு இதுவே போதும்.

2. அவ்வேலைகளுள் எவற்றை மனத்துக்கும் பொருத்திச் சொல்லலாம் என்று குழுவாகப் பேசச் செய்க. 'களை எடுத்தல்' எளிதில் கிடைக்கும்.

3. 'கொலெரே'யை வேராக வைத்துச் சொல்மரம் வரையச் செய்க. தோட்டக்கலை, பட்டுப்புழு வளர்ப்பு, மீன் வளர்ப்பு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை அகராதியில் தேடிக் கிளைகளாகச் சேர்க்கட்டும்.

4. மறுநாள் அச்சொற்களையே சொல்வதெழுதுதலாகக் கொடுத்துப் பிழைகள் குறைந்துள்ளனவா என்று பார்க்கலாம்.

பெற்றோரின் தொழிலைக் கேட்டால் 'கூலி' என்று மெல்லிய குரலில் சொல்லும் குழந்தை நம் வகுப்பில் உண்டு. 'பண்பாடு' என்ற பெரிய சொல் தன் அம்மாவின் வேலையிலிருந்து பிறந்தது என்பதை அந்தக் குழந்தை அறிந்துகொள்ளட்டும்.