அட்டாலியில் கிடக்கும் ரிவால்வர்: வீட்டுக் கதையும் இரும்பின் சாட்சியும்

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்துப் பழைய பண்ணை வீடுகளிலோ, வால்பாறைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களிலோ ஒரு பழைய ரிவால்வர் இருந்தால், அதோடு ஒரு கதையும் இருக்கும். அந்தக் கதையைக் கேட்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ரிவால்வர் எந்த ஊரில், எந்தக் காலத்தில் பிறந்தது என்பதை அதன் உடம்பில் அடித்த முத்திரைகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கொங்கு மண்ணில் ஆசையோடு நம்பப்படும் கதையிலிருந்தே தொடங்குவோம்: "இது தீரன் சின்னமலை காலத்து ரிவால்வர்." சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டது 1805இல். சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1835இல், அமெரிக்காவில் 1836இல். அதற்கு முன்பும் சுழலும் உருளை வைத்த துப்பாக்கிகள் அபூர்வமாக இருந்தன. எலிஷா காலியரின் சிக்கிமுக்கி ரிவால்வருக்குக் காப்புரிமை கிடைத்தது 1818இல். அதுவும்கூடத் தீரன் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு. குழலை முன்பக்கம் மடித்துப் பித்தளைத் தோட்டா போடும் வகை உங்கள் வீட்டில் இருந்தால், அது 1870க்குப் பிந்தையது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பாளையக்காரர் காலத்தில் நம்மவர்கள் பிடித்தவை வாளும் வேலும், குழலின் வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் நீளத் துப்பாக்கிகளும்தான். அவற்றோடு நின்று போராடியவரின் பெருமைக்கு ரிவால்வர் தேவையில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததையும் பலர் ரிவால்வர் என்றே எழுதுகிறார்கள். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். அதில் சுழலும் உருளை கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும்.

அடுத்து, குழலில் பொறித்திருக்கும் பெயர்தான் செய்தவர் பெயர் என்ற நம்பிக்கை. சேகரிப்பாளர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸை நாம் கடிகாரக் கடையாகவே அறிவோம். 1849இல் தொடங்கிய அந்த நிறுவனம் துப்பாக்கியும் விற்றது, தன் பெயரையும் பொறித்தது. கல்கத்தாவின் மேன்டன், ரோடா கடைகளும் அப்படியே. 1914 ஆகஸ்ட் 26 அன்று வங்கப் புரட்சியாளர்கள் கடத்திய 50 மௌசர் பிஸ்டல்களும் ரோடாவுக்கு வந்த சரக்கு. ஆனால் அவற்றைச் செய்தது ஜெர்மனி. செய்த ஊரை அறிய, சோதனைச் சாலைகள் அடித்த சிறு முத்திரைகளைப் பார்க்க வேண்டும். கிரீடத்தோடு எழுத்துகளோ, குறுக்காகக் கிடக்கும் செங்கோல்களோ இருந்தால் அது 1813இல் அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலையைக் காட்டலாம். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். 'புல்டாக்' என்ற குட்டை ரிவால்வர்களில் ஏராளமானவை, இங்கிலாந்தின் வெப்ளியைப் பார்த்து லியேஜில் செய்த நகல்களே.

வெப்ளி என்று உறுதியானாலும் வேலை முடியாது. 455 போர் (குழல் விட்ட அளவு) ராணுவ வெப்ளி 1887இல் மார்க் 1 எனத் தொடங்கி 1915இல் மார்க் 6 வரை வந்தது. முதல் ஐந்தின் கைப்பிடி பறவைத் தலைபோல் வளைந்து முடியும். மார்க் 6இன் கைப்பிடி அடி சதுரமாக இருக்கும். குழப்பம் மார்க் 4இல். 1899இல் வந்த 455 போர் மார்க் 4 ஒன்று. பின்னாளில் வந்து இரண்டாம் உலகப் போரில் குவியலாகச் செய்யப்பட்ட 38 போர் மார்க் 4 வேறொன்று. இரண்டாவதில் 'வார் ஃபினிஷ்' என்று அடித்திருந்தால், போர் முனைக்குப் போய் வந்ததற்கான பதக்கம் என்று நினைக்கிறார்கள். போர்க்கால அவசரத்தில் மெருகு குறைவாக விட்டிருக்கிறோம் என்று தொழிற்சாலை சொல்லிக்கொண்டது அது, அவ்வளவே. என்ஃபீல்டு நம்பர் 2 வகையில் ஹாமரின் கொம்பு இல்லாததைப் பார்த்து உடைந்துவிட்டது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. டாங்கிக்குள் எதிலும் மாட்டக் கூடாது என்பதற்காக 1938 மாதிரியில் அதை வேண்டுமென்றே நீக்கினார்கள்.

"பளபளவென்று ஆக்கினால் விலை ஏறும்" என்பதைக் கேட்டாலே எனக்குப் பதறும். கோவையில் பஃபிங் பட்டறைக்கும் நிக்கல் பூச்சுக்கும் பஞ்சமில்லை. அரை மணி நேரம் சக்கரத்தில் பிடித்தால் முத்திரை, வரிசை எண், பழைய நீலப் பூச்சு எல்லாம் போய்விடும். எதை வைத்து அடையாளம் காண வேண்டுமோ அதுவே அழிந்த பிறகு, மிஞ்சுவது பளபளக்கும் இரும்புத் துண்டு.

கடைசியாக, ஆளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய நம்பிக்கை: "நூறு வருஷம் ஆனதுக்கு லைசென்ஸ் வேண்டாம்." 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கே அந்த விலக்கு. ஒரு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், வயது 120 ஆனாலும் அது துப்பாக்கிதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளையும் அதே திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தவையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு வாரிசு முறையில் விண்ணப்பிக்கலாம். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். அதை விவரம் தெரிந்தவரே பார்க்கட்டும். அவர் பார்த்து முடித்ததும் இருபுறமும் படம் எடுத்து, முத்திரைகளையும், துப்பாக்கியின் உடற்சட்டம் (ஃப்ரேம்), குழல், உருளை மூன்றிலும் உள்ள எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் அதே எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.