இரண்டு நான்காகும் திருவிழா

மாணவ நண்பர்களே, இன்று உங்கள் வீட்டில் என்ன அரிசியில் சோறு வடித்தார்கள்? பொன்னி, ஐ.ஆர். 20 என்று ஒன்றிரண்டு பெயர்களைச் சொல்வீர்கள். வீட்டில் வயதான பாட்டி இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குழியடிச்சான், கருங்குறுவை என்று அடுக்கிக்கொண்டே போவார். இவை ஒவ்வொன்றும் ஒரு நெல் வகையின் பெயர். இவற்றுள் பல இன்று வயலில் இருப்பதற்கு ஒரு திருவிழாவும் ஒரு காரணம்.

திருவாரூர் மாவட்டத்தில், காவிரியின் கடைமடைப் பகுதியில், திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 2006-ஆம் ஆண்டில் நெல் திருவிழா தொடங்கப்பட்டது. இதை முன்னின்று நடத்தியவர் ‘நெல்’ ஜெயராமன். ஊர் ஊராகச் சென்று 174 பாரம்பரிய நெல் வகைகளை அவர் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் அவர் காலமான பின்னரும் விழா தொடர்ந்தது.

திருவிழா என்றவுடன் தேரையும் இராட்டினத்தையும் எண்ண வேண்டாம். இங்கே பார்க்க வேண்டிய பொருள் நெல், விழாவுக்குரியவர் உழவர். பல மாவட்டங்களிலிருந்து வரும் உழவர்கள் விதையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். எந்த மண்ணுக்கு எது ஏற்றது என்று கலந்து பேசுகிறார்கள். பழைய அரிசியில் சமைத்த உணவைச் சுவைக்கிறார்கள். விதை வேண்டும் உழவருக்கு 2 கிலோ நெல் தரப்படுகிறது. அதற்கு விலை இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அடுத்த ஆண்டு வரும்போது அதே வகையில் 4 கிலோ விதையைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டு வாங்கி நான்கு கொடுப்பது மிக எளிய விதியாகத் தோன்றுகிறது அல்லவா? இதற்குள் ஓர் அருமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைக் காண்போம்.

பெட்டியில் வைத்துப் பூட்டினால் என்ன?

முதலில் ஓர் ஐயம் எழலாம். விதையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடிவைத்தால் போதாதா? அதை ஏன் ஊராருக்குக் கொடுத்து வாங்க வேண்டும்?

விதை உயிருள்ள பொருள். உறங்குவது போல் இருந்தாலும் அது மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது; மெதுவாக மூப்பும் அடைகிறது. விதையின் ஆயுளைப் பற்றி ஹாரிங்டன் என்ற அறிவியலறிஞர் ஒரு தோராய விதியைக் கூறினார். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரு மடங்காகும். சேமிப்பிடத்தின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரு மடங்காகும். ஈரப்பதம் 5 முதல் 14 சதவீதம் வரையிலும், வெப்பநிலை 0 முதல் 50 டிகிரி வரையிலும் இவ்விதி ஏறத்தாழப் பொருந்தும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 சதவீத ஈரமுள்ள நெல்லைக் காயவைத்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஆயுள் 2×2×2×2, அதாவது 16 மடங்காகிறது. அத்துடன் 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் இன்னொரு 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 256 மடங்கு! பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை உலரவைத்துக் குளிரறையில் காத்துவருவது இதனால்தான்.

நம் ஊர்க் குடிசையில் குளிரறைக்கு எங்கே போவது? கடலோரத்துக் காற்றில் ஈரம் மிகுதி. வெயிலில் நன்கு காய்ந்த நெல்லும் திறந்து கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து ‘கோட்டை’ கட்டி வைத்ததும், நெல்லைப் பல்லில் கடித்து ‘கடுக்’கென்று உடைகிறதா என்று பார்த்ததும் நம் முன்னோர் ஈரத்தோடு நடத்திய போராட்டமே. ஆயினும் சில ஆண்டுகளில் விதை முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே விதையைக் காக்க வேண்டுமானால் அதை விதைத்தே ஆகவேண்டும்.

பெருகுமா, கருகுமா?

இப்போது விழாவின் விதிக்கு வருவோம். முதல் ஆண்டு 2 கிலோ, அடுத்த ஆண்டு 4, பின்னர் 8, 16 என்று விதை பெருகுகிறது. இது நீங்கள் வகுப்பில் படிக்கும் பெருக்குத் தொடர்தான். பத்தே ஆண்டுகளில் 2 கிலோ 2048 கிலோவாகிவிடும்.

நெல்லைப் பொறுத்தவரை இது மிகச் சிறிய எதிர்பார்ப்பே. ஆயிரம் நெல்மணிகள் சுமார் 25 கிராம் எடை என்று கொண்டால், 2 கிலோவில் 80,000 மணிகள் இருக்கும். நன்கு வளர்ந்த ஒரு பயிர் பல கதிர்களை ஈன்று நூற்றுக்கணக்கான மணிகளைத் தரும். ஆகவே 4 கிலோவைத் திருப்பிக் கொடுத்த பின் பெரும்பகுதி உழவரிடமே தங்கும். மேலும் நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை உடையது. எனவே கலப்பு நேராமல் கவனித்து அறுவடை செய்தால், கொடுத்த வகையே திரும்பி வரும்.

வயல் தன் பங்கைச் செய்துவிடும் என்பது தெளிவு. ஆனால் விதை வாங்கிய எல்லோரும் திருப்பிக் கொடுப்பார்களா? ஒருவர் வயல் வெள்ளத்தில் மூழ்கலாம், இன்னொருவர் விதையைக் குத்திச் சமைத்துவிடலாம், வேறொருவர் மறந்துவிடலாம்.

100 உழவர்களுக்கு மொத்தம் 200 கிலோ கொடுத்ததாகக் கொள்வோம். 80 பேர் திருப்பித் தந்தால் 320 கிலோ சேரும். அது அடுத்த ஆண்டு 160 பேருக்குப் போதும். ஆண்டுதோறும் விதை 1.6 மடங்காகப் பெருகி, ஐந்தாம் ஆண்டில் சுமார் 2097 கிலோவாகும். 50 பேர் மட்டும் தந்தால் வருவது அதே 200 கிலோ. வளர்ச்சியும் இல்லை, தேய்வும் இல்லை. 40 பேர் மட்டும் தந்தால் வருவது 160 கிலோ. அடுத்து 128, பிறகு 102 என்று குறைந்து, ஐந்தாம் ஆண்டில் 66 கிலோவில் வந்து நிற்கும்.

பாதிப்பேர் என்பதே இங்கு எல்லைக்கோடு. அதற்கு மேலே பெருக்கம், கீழே அழிவு. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் நடப்பதும் இத்தகைய கணக்குத்தான். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளவுறும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சராசரியாக ஒன்று அடுத்த அணுக்கருவைப் பிளந்தால் தொடர்வினை நிலைத்து நடக்கும். ஒன்றுக்குக் குறைந்தால் அணைந்துவிடும். இயற்பியலார் இதைப் பெருக்க எண் என்பர். நெல் திருவிழாவின் பெருக்க எண்ணைத் தீர்மானிப்பது வாக்குத் தவறாத உழவர்களின் எண்ணிக்கை!

எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?

சராசரிக் கணக்கு பெரிய எண்ணிக்கைக்கே பொருந்தும். ஓர் அரிய வகையை ஒரே ஓர் உழவர்தான் வாங்கிச் சென்றார் என்று கொள்வோம். அவ்வாண்டு அவர் பயிர் அழிவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு இருந்தால், அந்த வகையே கைநழுவிப் போவதற்கும் ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதே வகையை மூன்று உழவர்கள் வாங்கினால்? மூவர் பயிரும் அழிவதற்கான வாய்ப்பு 1/5 × 1/5 × 1/5, அதாவது 125-இல் ஒன்றுதான்.

ஆனால் இவ்வாறு பெருக்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று அழிவுகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். மூவரும் ஒரே ஊரார் என்றால் ஒரே வெள்ளம் மூவர் வயலையும் அழித்துவிடும். அப்போது கணக்கு மீண்டும் ஐந்தில் ஒன்றை நெருங்கிவிடும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களைச் சூறையாடியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய நாளில் கடைமடையின் நெல் வகை தொலைவில் வேறொரு மாவட்டத்து வயலிலும் விளைந்துகொண்டிருக்க வேண்டும். பல மாவட்டத்தாரும் ஓரிடத்தில் கூடி, விதையோடு திசைக்கொருவராகப் பிரிந்து செல்வதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா?

பழைய நெல் எதற்கு?

‘புதிய வகைகள் மிகுந்த விளைச்சல் தரும்போது இவை எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் வகைகள் பஞ்சத்தின் அச்சத்தைப் போக்கின; அதை மறப்பது நன்றியன்று. ஆனால் புதிய வகையை உருவாக்குபவர் அதற்கான பண்பை எங்கிருந்து எடுக்கிறார்? பழைய வகைகளிலிருந்துதான்.

நெற்பயிர் முழுதும் நீரில் மூழ்கினால் பெரும்பாலான வகைகள் மூச்சுவிடத் தவிப்பது போல உயர்ந்து வளர முயலும். அதில் சேமித்த சத்தெல்லாம் தீர்ந்து மடியும். ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ என்ற வகையோ வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை நீருக்குள் பொறுத்திருக்கும். இதற்குக் காரணமான ‘சப்-1ஏ’ என்னும் மரபணுவை 2006-இல் கண்டறிந்தார்கள். அப்பண்பைச் சேர்த்த ‘சுவர்ணா சப்-1’ 2009-இல் இந்திய உழவர்களுக்குக் கிடைத்தது. நம் காவிரிப் படுகையில் பயிராகும் சி.ஆர். 1009 நெல்லுக்கும் அதே பண்பை ஏற்றியிருக்கிறார்கள். ஒடிசாவின் அந்த நாட்டு நெல்லை யாரும் காக்காமல் விட்டிருந்தால் இந்தப் பண்பை எங்கே தேடியிருப்பார்கள்?

உவர் நிலத்தைத் தாங்கும் நம் குழியடிச்சானும் கேரளத்தின் பொக்காளியும் இத்தகைய செல்வங்களே. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். பழையது என்பதாலேயே ஒரு நெல் எல்லா நோயையும் தீர்த்துவிடாது. அதன் குணத்தை அளந்தும் ஆய்ந்தும் அறிவதே அறிவியல். ஆய்வதற்கு நெல் முதலில் உயிரோடு இருக்கவேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

விதை நல்லதா என்று எப்படி அறிவது? இதோ இரண்டு சோதனைகள்.

முதலாவது முட்டைச் சோதனை. 10 லிட்டர் நீரில் சுமார் 1½ கிலோ சமையல் உப்பைக் கரைக்க வேண்டும். நீங்கள் 1 லிட்டருக்கு 150 கிராம் என்று செய்து பார்க்கலாம். அதில் ஒரு புதிய கோழிமுட்டையை இடுங்கள். வெறும் நீரில் மூழ்கும் முட்டை இப்போது மிதந்து, மேலே ஒரு நாணயத்தின் அளவுக்குத் தலைகாட்டும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இங்கு வேலை செய்கிறது; கரைசலின் அடர்த்தி முட்டையின் அடர்த்தியை மிஞ்சிவிட்டது. விலையில்லாத நீர்மானி இது! முட்டை மிதக்காவிடில் இன்னும் சிறிது உப்பிடுங்கள். பின்னர் முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டிக் கலக்குங்கள். பதரும் அரைகுறையாய் முற்றிய நெல்லும் மிதக்கும். நன்கு முற்றிய கனமான நெல் அடியில் தங்கும். தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

இரண்டாவது முளைப்புச் சோதனை. அலசிய விதையில் 100 மணிகளை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டிவையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் கழித்து விரித்து முளைத்தவற்றை எண்ணுங்கள். 80-க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும். நம் நாட்டில் சான்று பெற்ற நெல்விதைக்கு உரிய குறைந்த அளவு அதுவே.

இவற்றைச் செய்யும்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். 4 கிலோவைத் திருப்பிக் கொடுத்த பின் எஞ்சிய நெல்லை உழவர் என்ன செய்வார்? அதை வாங்கி உண்போர் இருந்தால்தான் அடுத்த ஆண்டும் விதைப்பார். விழாவில் விதையோடு உணவும் இடம்பெறுவது இதற்காகவே. ஓராண்டு வாங்கிய மாப்பிள்ளைச் சம்பா அவல்கூட அந்தப் பெருக்க எண்ணைச் சற்றே உயர்த்துகிறது.

எனவே உங்கள் ஊரில் விதைத் திருவிழா நடந்தால் ஒருமுறை சென்று வாருங்கள். உங்கள் வீட்டில் நிலம் இருந்தால் 2 கிலோ வாங்கி வந்து, ஒரு மூலையில் தனியே பயிரிடச் சொல்லுங்கள். அறுவடையானதும் 4 கிலோவை அளந்து, காயவைத்து, பெயர் எழுதி எடுத்து வையுங்கள். அதை அடுத்த ஆண்டு திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள்; எல்லைக்கோட்டுக்கு மேலே நிற்கும் ஒருவராக நீங்களும் இருக்கவேண்டும் அல்லவா?