படமும் குரலும் பாட்டும்: ஒரு கடற்கரைக் கதைக்குச் சேகரித்தவை



டிஜிட்டல் கதை என்றவுடன் நம்மில் பலர் ஓடிச் சென்று கணிப்பொறியின் முன் அமர்ந்துவிடுகிறோம். கணிப்பொறிக்கு அதில் வேலை கடைசி இரண்டு நாள்தான். அதற்கு முன்னர் படமும் குரலும் இசையும் தேடி நடக்கிற நடையே பெரிது. 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேனா ஆச்லி, ஜோ லாம்பர்ட் முதலியோர் சாதாரண மக்களுக்கு இக்கலையைக் கற்பித்தபோது கேட்டதும் மிகச் சிறியதே: இரண்டு மூன்று நிமிடம், சொந்தக் குரல், வீட்டில் இருக்கும் சில புகைப்படங்கள்.

சென்ற ஆண்டு பொம்மையார்பாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தன் ஆயாவின் கதையை எடுத்துக்கொண்டாள். ஆயாவின் பழைய வீடு இருந்த இடத்தில் இன்று கடல் இருக்கிறது. இதற்குக் காரணம் புயல் மட்டுமன்று. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கடலுக்குள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை தேய்ந்தது. புதுச்சேரி நகருக்குக் கற்குவியல் காவலாயிற்று. தேய்மானமோ வடக்கேயுள்ள மீனவக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. அதற்கு மேல் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. இன்று நம் வகுப்புகளில் இருக்கும் ஒருத்தியும் அன்று பிறந்திருக்கவில்லை.

அந்த மாணவி முதலில் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். இணையத்தில் தேடினாள், பனை உயரத்திற்கு எழும் அலையின் படம் ஒன்று கிடைத்தது, எடுத்து ஒட்டினாள். வகுப்பில் எல்லோரும் வியந்தோம், நான் உட்பட. ஆயா மட்டும் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடல் இல்லடி பாப்பா. நம்ம கரையில பின்னாடி மலை ஏது?" என்றார்களாம். உண்மைதான். படத்தின் ஓரத்தில் பச்சை மலை ஒன்று தெரிந்தது. எந்த நாட்டுக் கடலோ! ஆசிரியையாகிய நான் கவனிக்காததை ஆயா ஒரே பார்வையில் கண்டுகொண்டார்கள். பொய்ப் படம் ஒன்று உள்ளே இருந்தால் அதன் அருகில் நிற்கும் மெய்ப்படங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். வீடு இழந்த கதையில் அது சிறு பிழையன்று. அன்றே அதை நீக்கினோம்.

பிறகு மெய்யான படங்களுக்கு எங்கே போவது? கடற்கரையைப் படம் எடுப்பதற்கென்று அந்நாளில் யாரும் கேமரா வாங்கவில்லை. ஆனால் கலியாண ஆல்பங்கள் இருந்தன. மணமக்கள் வாசலில் நிற்க, அவர்கள் தோளுக்குப் பின்னால் மணல் மேடும் கட்டுமரமும் தெரிந்தன. மஞ்சள் நீராட்டு விழாப் படமொன்றில் பந்தலுக்கு அப்பால் இரண்டு வரிசைத் தென்னை. அவை நின்ற இடம் இப்போது தண்ணீர். படத்தில் நிற்பவர்களை மட்டும் பாராமல் அவர்களுக்குப் பின்னாலும் பாருங்கள்.

ஆல்பத்தை வீட்டைவிட்டு எடுத்து வராதீர்கள். கடலுக்குத் தப்பியது அந்த ஒன்றாகவே இருக்கலாம். சன்னலோரம் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைப் படத்திற்கு நேர் மேலே பிடித்து எடுத்தால் போதும். மேலிருக்கும் பிளாஸ்டிக் தாள் பளபளத்தால் படத்தைப் பிய்க்கவேண்டாம். ஒரு கறுப்புத் துணியை மேலே மறைவாகப் பிடித்தால் பளபளப்பு அடங்கும். ஸ்கேனர் கிடைத்தால் 4க்கு 6 அங்குலப் படத்தை 300 புள்ளி அளவில் எடுக்க, 1800 புள்ளி அகலம் வரும். பள்ளித் திரைக்கு அது தாராளம். பாஸ்போர்ட் அளவுப் படத்திற்கு 600 வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, யார் வீட்டுப் படம், காட்டலாமென்று யார் சொன்னார் என்று நோட்டில் அப்போதே எழுதிக்கொள்ளவேண்டும். இரண்டு நாள் கழித்து எழுதினால் பெயர்கள் மாறிவிடும்.

கரை எவ்வளவு உள்ளே வந்தது என்று காட்ட விரும்பினால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். 1972 முதல் பூமியைப் படமெடுத்து வரும் லேண்ட்சாட் படங்களும் இலவசம். ஆனால் 1980களின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர். ஆயாவின் வீடு அதில் ஒரு புள்ளிகூட இல்லை!

அடுத்தது குரல். எழுதியதை நிறுத்தி நிதானமாய்ப் படித்தால் நிமிடத்திற்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் போகும். ஆகவே மூன்று நிமிடக் கதைக்கு 250 சொல் போதும். அவள் முதலில் கொண்டுவந்தது ஆறு பக்கம். அதில் இரண்டு பக்கம் துறைமுகத்தைப் பற்றியே. வெட்டச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. வெட்டிய பின் நின்றது, ஆயா கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்த இரவு. துறைமுகத்திற்கு இரண்டு வரி மிஞ்சியது.

ஒலிப்பதிவிற்குத் துணி தொங்கும் அறை நல்லது, எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்தி, கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். பேசி முடித்ததும் அரை நிமிடம் வெறும் அறையின் ஒலியையும் பதிந்துகொள்ளுங்கள். இடையில் ஒட்டுப் போட உதவும். பெரியவர்களிடம் கேள்வித்தாளைப் போல வரிசையாகக் கேட்கக்கூடாது. ஆயா முதல் நாள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது அவர்களாகவே தொடங்கினார்கள். பின்னணியில் அரிவாள்மனைச் சத்தம் கேட்கும். அதை நாங்கள் நீக்கவில்லை.

இசையைக் கடைசிக்கு வையுங்கள். சோகக் கதைக்குச் சோகத் திரைப்பாடல் என்று கை தானாகப் போகும். பள்ளி நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவியர், பெற்றோர் முன்னிலையில் மட்டும் ஒலிப்பதிவை ஒலிக்கவிடச் சட்டத்தில் இடமுண்டு. இணையத்தில் ஏற்றினால் அது வேறு கதை; நம் நாட்டில் ஒலிப்பதிவு ஒன்றின் உரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு நீடிக்கிறது. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. ஆதலால் அப்பாடல்களை நீங்களே பாடிப் பதிவு செய்யத் தடையில்லை. ஆனால் ஒரு பாடகர் பாடிய இசைத்தட்டு அவருடைய நிறுவனத்தினது. பாரதியின் பெயரைச் சொல்லி அதை எடுக்க முடியாது.

அவள் புல்லாங்குழல் ஒன்றைச் சேர்த்திருந்தாள். ஆயா கேட்டுவிட்டு, "இந்த ஊதலு எதுக்கு? அலைச் சத்தம் போடு" என்றார்கள். விடியற்காலை கடற்கரைக்குச் சென்று, காற்றுக்குக் கைக்குட்டை சுற்றி, அலையைப் பதிந்து வந்தாள். கரைவலை இழுக்கும்போது பாடும் ஏலேலோப் பாட்டும் வேண்டுமென்று தேடினோம். வலையிழுக்க அகன்ற மணல் வேண்டுமே! மணல் போன இடத்தில் பாட்டும் போய்விட்டது. ஆயா இரண்டு அடி நினைவுபடுத்திப் பாடினார்கள். மூன்றாம் அடி வரவில்லை. வராத அந்த இடத்தில் அலை மட்டும் கேட்கிறது.

முடிந்த கதை மூன்று நிமிடம் இருபது நொடி, படங்கள் இருபத்திரண்டு. படம் தந்த ஐந்து வீட்டார் பெயரும் கடைசியில் வருகின்றன. அவ்வீடுகளுக்கு ஆளுக்கொரு பென்டிரைவ் கொடுத்தோம். ஒரு பிரதி நம் நூலக அலமாரியில் உள்ளது. ஆயா பாடிய பதிவை முழுவதுமாக, வெட்டாமல், தனியே வைத்திருக்கிறோம். மூன்றாம் அடி அறிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் கைப்பேசியோடு வந்து சொல்லுங்கள்.